மூலைக்கு மூலை

மால்கம் டாப்ஸ்காட்டைப் பொறுத்தவரை வழி என்பது கால் போகிற இடமல்ல, வரைபடத்தில் பச்சைக் கோடு போகிற இடம். அந்தக் கோட்டின் மேல் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. நிலத்துக்காரர் உழுதுகொள்ளலாம், விதைத்துக்கொள்ளலாம். நடக்கிறவனைத் தடுக்க மட்டும் முடியாது. இதைவிட நாகரிகமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்பது மால்கமின் முடிவு.

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் அந்தப் பச்சைக் கோடு ப்ரீஸ் என்பவரின் பன்னிரண்டு ஏக்கர் கோதுமை வயலை மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போனது. நல்ல களிமண் நிலம். மழைக்காலத்தில் அதில் இறங்குகிறவர்களைப் பார்க்கச் சகிக்காமல் ப்ரீஸ் வேலியோரமாகவே ஒரு புதுப் பாதை போட்டிருந்தார். சரளை கொட்டி, வடிகால் வெட்டி, நடுவில் உட்கார ஒரு பெஞ்சுகூடப் போட்டிருந்தார். கூடவே, இனி இதுதான் வழி, குறுக்கே போகும் கோட்டை எடுத்துவிடுங்கள் என்று கவுன்சிலுக்கு மனுவும் கொடுத்துவிட்டார். ஆட்சேபணை இருந்தால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் தெரிவிக்கலாம் என்ற அறிவிப்பு, பிளாஸ்டிக் உறைக்குள் வயல் கம்பத்தில் தொங்கியது.

கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் வாரத்தில் மால்கம் குடும்பம் அந்த ஊரில் ஒரு வாடகை வீட்டுக்கு வருவது வழக்கம். ஒன்பது வருஷமாக அதே வீடுதான். இந்த வருஷம் பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் நான்கு படிவங்கள் இருந்தது மால்கமுக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி காலை, ரொட்டித் தட்டோடு சேர்த்து அவற்றையும் மேஜையில் பரப்பினார்.

"இன்னிக்கு ஒரு சின்ன நடை."

"சின்னன்னா எத்தனை மைல்?" என்றார் மனைவி கிளெனிஸ். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லின் நீளம் அவருக்குத் தெரியும்.

"ரெண்டு. போய்ச் சேர்ற இடத்துல பப். ஒரு மணிக்கு மேஜை சொல்லி வச்சாச்சு."

"அப்பா, சாப்பாட்டுக்கு எதுக்குப் படிவம்?" என்றாள் மகள் டாம்சின்.

மால்கம் விளக்கினார். விளக்குவது அவருக்குத் தேன் குடிக்கிற மாதிரி. வேறொரு மாவட்டத்துக் கவுன்சிலில் இதே நடைவழிப் பிரிவில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்தவர் அவர். ஒரே ஓர் ஆட்சேபணை மட்டும் வந்தால் குமாஸ்தா அதை 'ஓய்வுபெற்றவர்' என்ற தட்டில் போடுவார். அந்தத் தட்டை யாரும் தொடுவதில்லை. நான்கு பேர், இன்ன தேதியில் இந்த வழியில் நடந்தோம், இது எங்களுக்கு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அது 'எதிர்ப்பு' என்ற தட்டுக்குப் போகும். அதை அதிகாரி படித்தே ஆக வேண்டும்.

"அதாவது நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போடலேன்னா உங்க வழி போயிடும்," என்றான் மருமகன் கியரன்.

"என் வழி இல்ல, கியரன். மக்களோட வழி."

"மக்கள் யாராவது அதுல நடந்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நாம நடக்கிறோமே!"

யாருக்கும் போக விருப்பமில்லை. ஆனால் விருப்பமில்லை என்று சொல்வது அந்தக் குடும்பத்தில் கடைசி ஆயுதம். ஆகவே டாம்சின், "காத்தாட நடந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள். கிளெனிஸ், "மழைகூட விட்ட மாதிரிதான் இருக்கு," என்று ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்துச் சொன்னார்.

ஆளுக்கொரு படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். வயலுக்குள் நுழைகிற கதவருகே மால்கம் எல்லாரையும் நிறுத்தினார். அரைவட்ட வேலிக்குள் ஆடுகிற சின்னக் கதவு அது. உள்ளே போய் ஓரமாக ஒதுங்கி, கதவைத் தள்ளி, வெளியே வர வேண்டும். மனிதன் ஒதுங்குவான், மாடு ஒதுங்காது. அதனால் பூட்டே தேவையில்லை.

"பாருங்க, இதுல எவ்வளவு மூளை இருக்கு!"

"நீ ஒதுங்கினாத்தானே நாங்க வர முடியும், மால்கம்," என்றார் கிளெனிஸ். மழை அவர் கழுத்துப்பட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் தாண்டியதும் இடப்பக்கம் சரளைப் பாதை, குளித்துத் தலைவாரியதுபோல் கிடந்தது. மூன்று பேரின் கால்களும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின.

"அது அவர் தயவு. இதுதான் நம்ம உரிமை," என்று மால்கம் சேற்றில் இறங்கினார்.

களிமண் பொல்லாதது. பூட்ஸ் அதில் புதையும்போது அடியில் இருக்கிற காற்றெல்லாம் வெளியேறிவிடும். நேராக இழுத்தால் வெற்றிடம் பிடித்துக்கொள்ளும். குதிகாலைச் சாய்த்து, ஓரத்தில் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, பிறகு தூக்க வேண்டும். மால்கம் இதை மூன்று முறை செய்து காட்டினார். நாலாவது முறை சொல்லிக்கொண்டிருக்கும்போது கியரன் நேராக இழுத்தான். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஒற்றைக் காலில் கொக்குபோல் நின்றவன் டாம்சினின் தோளைப் பிடிக்க, அவள் முழங்கால் வரை புதைந்துவிட்டாள்.

"சிரிக்காதடி."

"நான் எங்க சிரிக்கிறேன்? அழறேன்."

அப்போது சரளைப் பாதையில் ஒரு நாலு சக்கர மோட்டார் சைக்கிள், பின்னால் சின்ன டிரெய்லரோடு வந்து நின்றது. ப்ரீஸ்தான். மடியில் நாய்.

இரண்டு வருஷமாகக் கடிதத்தில் சண்டை போடுகிற இருவர் நேரில் சந்தித்தால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் வானிலை நடக்கும்.

"கொஞ்சம் ஈரமா இருக்கு, மிஸ்டர் டாப்ஸ்காட்," என்றார் ப்ரீஸ்.

"பருவத்துக்கு இது பரவாயில்லை, மிஸ்டர் ப்ரீஸ்."

"நாளைக்கு வெளுக்கும்ங்கிறாங்க."

"வெளுத்தா நல்லதுதான்."

நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ப்ரீஸ், யாரையும் குறிப்பிடாமல், தன் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னார்: "பப் பக்கம்தான் போறேன். டிரெய்லர்ல வைக்கோல் இருக்கு. காஞ்ச வைக்கோல்."

"ரொம்ப நன்றி. நாங்க நடந்தே—" என்று மால்கம் ஆரம்பிப்பதற்குள் கிளெனிஸ், குதிகாலைச் சாய்த்து, காற்றை உள்ளே விட்டு, கணவர் சொல்லிக்கொடுத்தபடியே கால்களைப் பிடுங்கிக்கொண்டு கரையேறிவிட்டார். பின்னாலேயே டாம்சின். அவள் பின்னால் ஒரு காலில் ஈரக் காலுறையோடு கியரன்.

"கிளெனிஸ்! பாதிதான் நடந்திருக்கோம்! படிவத்துல முழுசா நடந்ததா எழுதணும்!"

"நீ நடந்து வா, கண்ணு. சூப் ஆறாம பார்த்துக்கறேன்."

வண்டி போய்விட்டது. மால்கம் மூலைக்கு மூலை நடந்தார். தனியாக நடக்கும்போது அந்த வயல் பன்னிரண்டு ஏக்கரைவிடப் பெரிதாக இருந்தது.

பப்பில் அவர் நுழைந்தபோது மணி இரண்டேகால். சமையலறை மூடியிருந்தது. கணப்பருகே மற்ற மூவரும் சிவந்த கன்னங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய காலித் தட்டுகளில் மாட்டிறைச்சிக் குழம்பின் தடம். அவருக்கென்று ஒரு கிண்ணம் சூப், மேலே தட்டு கவிழ்த்து.

"படிவமெல்லாம் எழுதிட்டோம்ப்பா," என்றாள் டாம்சின். குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

மால்கமின் முகம் மலர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

கியரன்: 'பழைய வழியில் பாதி நடந்தேன். என் இடது பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. புதுப் பாதை மிக நன்று.'

டாம்சின்: 'மனம் நோகச் செய்ய விரும்பவில்லை. ஆனால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.'

கிளெனிஸின் கையெழுத்து எப்போதும்போல் குண்டு குண்டாக இருந்தது. 'ஒன்பது குளிர்காலம் இந்த வயலைக் கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட என் விருப்பத்தில் இல்லை. மிஸ்டர் ப்ரீஸின் பெஞ்சில் உட்கார ஆசை.'

மால்கம் மூன்று தாள்களையும் ஓரம் சேர்த்து அடுக்கினார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, கிளெனிஸ்."

"நீ கேக்கவே இல்லையே. விளக்கிட்டே இருந்த."

"கோபமா இருந்தா கணப்புல போட்டுடுங்க, மால்கம்," என்றான் கியரன். "நாங்க தப்பா நினைக்க மாட்டோம். உங்க எதிர்ப்பு மட்டும் போகட்டும்."

கணப்பு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மூவரும் நாகரிகமாகப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மால்கம் காகிதங்களை ஒரு முறை நெருப்பின் பக்கம் நீட்டக்கூடச் செய்தார். ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு தாளைத் தொலைத்திராத கை அது.

"கையெழுத்துப் போட்டாச்சுன்னா ஆவணம்," என்றார் கரகரப்பாக. "ஆவணத்தை எரிக்கக் கூடாது."

தன்னுடைய ஆட்சேபணையை எடுத்தார். 'இவ்வழியில் நடந்தவர்கள் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு வீட்டிலேயே நான்கு என்று நிரப்பி வைத்திருந்தார். அதை அடித்து, ஒன்று என்று திருத்தி, பக்கத்தில் முறைப்படி சுருக்கொப்பமிட்டார். நான்கையும் ஒரே உறைக்குள் வைத்தார். தன்னுடையதை மேலே வைத்தார். பிறகு அது எந்தத் தட்டுக்குப் போகும் என்று தெரிந்தவராக, எடுத்து அடியில் செருகினார்.

மூன்றரை மணித் தபாலுக்கு இன்னும் நேரம் இருந்தது. சூப்பைக்கூடத் தொடாமல் மழையில் எழுந்து போய் எதிரே இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

"போட்டாச்சா?" என்றார் கிளெனிஸ்.

"போட்டாச்சு."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

கிளெனிஸ் பெஞ்சில் நகர்ந்து கணப்புப் பக்கம் அவருக்கு இடம் விட்டார். கிண்ணத்தின் மேலிருந்த தட்டை எடுத்தார். சூப் ஆறித்தான் போயிருந்தது.

"நல்லா இருக்கு," என்றார் மால்கம், ஒரு கரண்டி குடித்துவிட்டு.