ரிப்போர்ட் இல்லாத ஸ்கேன்

பதினான்கு வருடமாகக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிறேன். நல்லதோ கெட்டதோ முகத்துக்கு நேரே பட்டென்று சொல்லிவிடுவேன். வாய்த் துடுக்கு என்று பெயர் எடுத்தவள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு முறை மென்று விழுங்கினேன். அதுவும் என் ஓரகத்தியிடம்.

கொழுந்தனின் மனைவி. தனித்தனி வீடுதான், ஆனாலும் குடும்பத்தில் நான் பெரியவள், அவள் சின்னவள். ஆறு வருடம் காத்திருந்து தங்கிய கர்ப்பம். இருபத்தெட்டாவது வாரத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் அறைக்கு வந்து நின்றாள். அவளுடைய டாக்டர் அனுப்பவில்லை. சும்மா குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். டோக்கன் கிடையாது, பதிவேட்டில் பெயர் கிடையாது. வீட்டு ஆளுக்கு என்ன ரிப்போர்ட் என்று நானும் இருந்துவிட்டேன்.

"மூக்கு மட்டும் உங்க கொழுந்தனார் மூக்கா இருக்கக் கூடாதுக்கா. இருந்தா உங்க மெஷின்லயே கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துடுங்க" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே கருவியை அடிவயிற்றுக்கு இறக்கினேன். கருப்பை வாய்க்கு மேலே மெல்லியதாக ஒரு கோடு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணத்தைப் போட்டேன். கோடு சிவப்பாக ஓடியது. துடிப்பை எண்ணினேன்: நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தைந்து. அது அவளுடையது அல்ல, குழந்தையுடையது. தொப்புள்கொடியிலிருந்து பிரிந்த ரத்தக்குழாய் ஒன்று, காப்பு எதுவும் இல்லாமல், குழந்தை வெளியே வரவேண்டிய வழிக்குக் குறுக்கே சவ்வின் மேல் கிடந்தது. பனிக்குடம் உடைந்தால் அதுவும் சேர்ந்து கிழியும். அந்தச் சின்ன உடம்பில் இருக்கும் ரத்தமே மொத்தம் ஒரு டம்ளர்தான். முன்கூட்டியே தெரிந்தால் வழி உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்து, வலி வருவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

"என்னக்கா, திடீர்னு பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. ஒரு ரத்தக்குழாய் கொஞ்சம் கீழ இருக்கு. முப்பத்திரண்டாவது வாரம் வா, இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

"பயப்படணுமா?"

"சேச்சே."

அந்தச் 'சேச்சே'க்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும். ஆறு வருடம் அழுத முகம் அன்றைக்குத்தான் சிரித்தது, கெடுக்க மனம் வரவில்லை. கருப்பை வளர வளரச் சில குழாய்கள் தானாக விலகுவதும் உண்டு. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு யாராவது என்றால் ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் எழுதி, அவர்களுடைய டாக்டருக்கு அப்போதே போன் போட்டிருப்பேன்.

முப்பத்திரண்டில் அவள் வரவில்லை. போன் செய்தேன். மாமியார்தான் எடுத்தார்.

"அவ நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா. அவ டாக்டரே எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க. உன்கிட்ட வந்தா இல்லாத நோயெல்லாம் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாளில் கோபம் ஆறியது. அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த வாரமும் அப்படியேதான் இருந்தேன்.

முப்பத்தைந்தாவது வாரம், காலை பத்து மணிக்கு, குளியலறையில் பனிக்குடம் உடைந்தது. தரையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. பெண் குழந்தை. காகிதமாக வெளுத்திருந்தாள்.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது மாமியார் கதவோரம் நின்று உறவுக்காரப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "முந்தாநாள் போர்வையெல்லாம் அலசிப் போட்டா. சொன்னா கேட்டாத்தானே?" கட்டிலில் கிடந்த சின்னவள் காதிலும் அது விழுந்தது.

கொழுந்தன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். "நல்ல வேளை அண்ணி, இவளாவது பொழைச்சா."

இவளுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. போன ரத்தம் முழுக்கக் குழந்தையுடையது.

சின்னவள் என் கையைப் பிடித்தாள். "நான் போர்வை அலசினதாலயா அக்கா? நான்தான் கொன்னுட்டேனா?"

ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், பேசாமல் நின்றாலே போதும், நான் தப்பித்துவிடுவேன். பதிவேடு இல்லை, படம் இல்லை, அன்று நான் பார்த்ததற்குச் சாட்சி இல்லை. அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைப்பானேன்.

"இல்லம்மா. நீ எதுவும் பண்ணல. அன்னைக்கு நான் பாத்தது இதைத்தான். இப்படி ஆகலாம்னு எனக்கு அப்பவே தெரியும். உன்கிட்ட சொல்ல வாய் வரல."

கதவோரப் பேச்சு நின்றது.

"சொல்லியிருந்தா?"

"முன்னாடியே சேத்து, போன வாரமே எடுத்திருப்பாங்க. இருந்திருப்பா."

சின்னவள் அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வாரங்களை எண்ணினாள் என்று பிறகுதான் புரிந்தது.

"ஏழு வாரம்" என்றாள்.

பிறகு என் கையை விட்டுவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இவங்களை வெளிய போகச் சொல்லுங்க."