சுவரோரம் ஏறியவர்

கடலில் விழுந்து காணாமல்போன காதர் முகைதீன், ஏழெட்டு மாதம் கழித்து, 1964 டிசம்பரில், போர்ட் பிளேர் ஹாடோவில் இருந்த மூன்றாம் எண் அரசுக் குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறத் தொடங்கினார். அந்த வாரம் ஜங்கிலிகாட் சந்தையில் சூரை மீன் மலிந்து கிடந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்த வெங்காயம் கப்பலிலேயே பாதி அழுகியிருந்தது. ஆளை யாரும் பார்க்கவில்லை. விடிந்ததும் அடிப்படிகளில் ஈரக்கால் தடங்கள் இருந்தன, அவ்வளவுதான். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அரசாங்க மோட்டார் போட்டில் லஸ்கராக, அதாவது மாலுமியாக, வேலை பார்த்தபோது வடக்கயிறு சுற்றி அந்த விரல் போன கதை குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருடைய கால் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மழைக்காலம் முழுக்கப் படிகள் சொதசொதவென்றே கிடந்தபடியால் அவர் அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கலாம். கவனித்தவர் இல்லை.

கவனித்திருக்க வேண்டியவர் திருநாவுக்கரசு. மூன்றாம் எண் குடியிருப்பு மரத்தால் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். தமிழர், பெங்காலி, மலையாளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று கலந்து கட்டிய குடும்பங்கள். வீட்டுக்குள்ளே ஒருவரை ஒருவர் மிஞ்சுகிற சுத்தம். கதவைத் தாண்டினால் அது சர்க்கார் இடம், யாருக்கும் சொந்தமில்லை. மேல்மாடிக் குப்பை நடுமாடிக்கும், நடுமாடிக் குப்பை தரைக்கும் தள்ளப்பட்டது. தரைத்தளத்துக்காரர்களுக்குத் தள்ள இடமில்லை என்பதால் அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கழுவலாம் என்று பேசி முடித்த முதல் வாரமே, பிஸ்வாஸ் வீட்டு மீன் கழுவிய தண்ணீருக்கும் ராவ் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே துடைப்பக்கட்டை ஒன்று முறிந்தது. கடைசியில் படிக்கட்டு, வராந்தா, பொதுக் குளியலறை, தண்ணீர் டாங்கி, பின்பக்கச் சாக்கடை எல்லாவற்றையும் கான்ட்ராக்டில் விடுவதென்று குடியிருப்போர் சங்கம் தீர்மானித்தது. சுகாதாரப் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற திருநாவுக்கரசு அதை எடுத்தார். ஊரில் அவருக்கு வீடும் இல்லை, வா என்று கூப்பிட ஆளும் இல்லை. இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை. ஆறு வருடமாக ஐந்து மொழியில் புகார் கேட்டுக் கேட்டு, எந்த மொழியில் திட்டினாலும் "ஆகட்டும்" என்று ஒரே பதில் சொல்கிற நிலைக்கு வந்திருந்தார். அலுத்துப்போன மனிதர். அவரைக் குறை சொல்ல முடியாது.

படிகளைத் துடைத்தவள் சுசீலா, விருதுநகர்ப் பக்கத்துக்காரி. மேல்படியில் ஆரம்பித்துக் கீழ்ப்படியில் முடிக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. அப்படித் துடைத்தால்தான் தன் காலால் தானே அழுக்காக்காமல் இறங்கலாம். ஈரத் தடங்களைக் கண்டபோது அவள் போய் மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் வந்து பார்த்தார். "காதர் பாய் கால்தான். துடை," என்றார். அவளும் துடைத்தாள். மறுநாளும் அதே அடிப்படிகளில் தடங்கள். மறுபடி துடைத்தாள். டிசம்பரும் ஜனவரியும் இப்படியே போயின. உப்புத் தண்ணீர் மரத்தை அரிக்கும் என்று சங்கத்தின் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி சொன்னதால் இரண்டாம் முறை நல்ல தண்ணீரில் துடைக்கவும் ஏற்பாடானது. அவர் ஹெட் கிளார்க். சரியானதைச் சொல்லியே எல்லோருக்கும் எரிச்சலூட்டுகிறவர்.

காதர் பாயின் மனைவி ஜன்னத் பீவி இரண்டாம் மாடியில் கடைசி வீட்டில் இருந்தாள். தொண்டிக்காரி, பிள்ளை இல்லை. போட் திக்லிபூருக்கு அரிசி ஏற்றிப் போனபோது காற்றில் ஆடியது. எல்லோரும் திரும்பி வந்தார்கள், காதர் பாய் மட்டும் வரவில்லை. வீடு அவர் வேலைக்குக் கொடுத்த வீடு. ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை. ஆபீசில் இரக்கப்பட்டு ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் வரும் கப்பலில் அவள் மெயின்லேண்டுக்குப் போய்விட வேண்டும்; டிக்கெட்டும் ஆபீசே எடுத்துவிட்டது. தினமும் காலையில் அவள் கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள். கீழே ஈரத்துணி போய்வரும் சத்தம் கேட்கும். உள்ளே போய்விடுவாள்.

பிப்ரவரியில் வழக்கம்போலத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு அதுவும் இல்லை. படி துடைப்பதை வாரத்துக்கு ஒருமுறையாகச் சங்கம் குறைத்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. துடைக்காமல் விட்ட தடங்கள் வெயில் ஏறியதும் காய்ந்து, வெள்ளை உப்புக் கறையாக நின்றன. மறுநாள் ஈரத் தடம் அந்தக் கறை முடிந்த படிக்கு அடுத்த படியில் இருந்தது. அதற்கு மறுநாள் அதற்கும் மேலே. வார முடிவில் சுசீலா துடைத்ததும் காதர் பாய் மறுபடி அடிப்படிக்கே போய்விட்டார். திருநாவுக்கரசு படியில் உட்கார்ந்து வெகுநேரம் வெற்றிலை மென்றார். இரண்டு மாதமாக ஒரு மனிதன் வீடுவந்து சேர முடியாமல் தாங்களே தினமும் காலையில் அவனைக் கடலுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குப் புரிந்தது. அதைச் செய்யத்தான் தன்னைக் கான்ட்ராக்டில் வைத்திருந்தார்கள் என்பதும் புரிந்தது. அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜன்னத் பீவி கீழே இறங்கி வந்தாள். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, நான் போகமாட்டேன்னு சொல்லல. கப்பல் வந்தா போய்த்தான் ஆகணும். ஆனா அவுக ஏறி வந்து கதவைத் தொறக்கயில வேற ஆளு வீட்டுல இருந்தா, அவுக எங்க போவாக? அதுக்கு முன்னால அவுக வாசலுக்கு வந்துரணும்ணே."

"சங்கத்துல கேக்கணும்மா," என்றார் திருநாவுக்கரசு.

சங்கம் கூடியது. படியைத் துடைக்கவே வேண்டாம் என்றால் மற்றவர்கள் எப்படி நடப்பது, குழந்தைகள் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, எல்லோருக்கும் பொதுவான படியை ஒரு குடும்பத்துக்கு எழுதிக்கொடுக்க முடியுமா என்றார் கிருஷ்ணமூர்த்தி. சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. பிஸ்வாஸ் வீட்டம்மா அழுதுவிட்டாள், ஆனாலும் படி துடைக்கத்தான் வேண்டும் என்றாள். வாரம் ஒருநாள் துடைப்பது தொடர வேண்டும் என்று முடிவானது. துடைக்கிற நாள் வந்தபோது சுசீலா வாளியோடு மேலே ஏறாமல் அடிப்படியில் நின்றாள். துடைத்த இடத்தில் மிதிக்கிற யாரையும் அவள் சும்மா விடுவதில்லை. ஆபீசர் என்றாலும் அதே பேச்சுதான். அதே குரலில் ஈரத் தடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பாய், நடுவுல மிதிச்சு மிதிச்சுத்தான் இவ்வளவு பாடு. சுவத்தோரமா ஏறுங்க. அந்தப் பக்கம் நான் கை வைக்கமாட்டேன். எனக்கும் இடுப்பு ஒடியுதுல்ல?"

சொல்லிவிட்டுப் படியை முழுக்கத் துடைத்தாள். மறுநாள் காலையில் தடங்கள் சுவரை ஒட்டி இருந்தன. அதன்பிறகு சுசீலா கைப்பிடிப் பக்கத்துப் பாதிப் படியை மட்டும் துடைத்தாள். சுவர்ப் பக்கத்துப் பாதி காதர் பாய்க்கு. இதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை. எல்லோரும் கைப்பிடிப் பக்கமாகவே நடக்கப் பழகிக்கொண்டார்கள். அவர் மெதுவாகத்தான் ஏறினார். சில நாள் ஒரு படி, சில நாள் ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமைகளில் ஓய்வு. கடலிலிருந்து வருகிறவருக்குக் களைப்பு இருக்காதா என்று ராவ் சொன்னார். மார்ச்சில் முதல் மாடியைத் தாண்டினார். ஜன்னத் பீவி தினமும் அவர் நின்ற படி வரை வந்து, அதற்கு மேல் உள்ள படியில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள், கீரை ஆய்ந்தாள். பொதுப் படியில் உமி போடக்கூடாது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சுசீலா பெருக்கிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் கப்பல் வரும் தேதி தெரிந்தது. அது புறப்படுவதற்கு முந்தின நாள், குடியிருப்புகளைப் பார்வையிடப் பெரிய ஆபீசர் வருவதாகவும் தெரிந்தது. காதர் பாய் அப்போது இரண்டாம் மாடிக்குச் சற்றுக் கீழே இருந்தார். எட்டிப் பார்த்தால் கதவு தெரியும் என்கிற தூரம். கிருஷ்ணமூர்த்தி திருநாவுக்கரசைக் கூப்பிட்டனுப்பினார். செயலாளரும் இரவு தூங்கியவராகத் தெரியவில்லை.

"மேஸ்திரி, அந்த வெள்ளைக் கறையை ஆபீசர் பார்த்தா படிக்கட்டே கெட்டுப்போச்சும்பார். கட்டடம் லாயக்கில்லன்னு எழுதிட்டா இத்தனை குடும்பமும் எங்க போகும்? படி முழுக்க சோடா போட்டுக் கழுவிடுங்க. உங்க கான்ட்ராக்டும் அன்னைக்குத்தான் தீர்மானமாகும். எனக்கு மட்டும் ஆசையா?"

"ஆகட்டும் சார்," என்றார் திருநாவுக்கரசு.

கழுவுவதற்கென்றே பத்து நாளாகச் சேர்த்துவைத்த தண்ணீர் டாங்கியில் இருந்தது. அதன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று பூட்டுப் போட்டிருந்தார்கள். டாங்கியின் சாவி மேஸ்திரியிடம். பார்வையிடும் நாள் விடிந்ததும் அவர் டாங்கிக்கு அடியில் குனிந்து, வருடத்துக்கு ஒருமுறை சேறு வெளியேற்றத் திறக்கிற கட்டையைப் பிடுங்கினார். குடியிருப்பின் மொத்தத் தண்ணீரும் பின்பக்கச் சாக்கடையில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று. அந்தச் சாக்கடை அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்பு இருந்ததில்லை. பிறகு அவர் படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி, வருகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். "பானி கஹான் ஹை, மேஸ்திரி?" என்று காலிக் குடத்தோடு நின்ற பிஸ்வாஸ் வீட்டம்மா, அவர் முகத்தைப் பார்த்தாள், படியில் இருந்த தடத்தைப் பார்த்தாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பொதுக் கிணறு இருக்கிற திசையில் நடந்துவிட்டாள்.

ஆபீசர் வந்தார். தூசியும் உப்புமாக இருந்த படிகளில் ஏறினார். மேலே ஈரத் தடம் இருந்த இடத்துக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே கைப்பிடிப் பக்கம் ஒதுங்கி ஏறினார். இறங்கும்போதும் அப்படியே. கீழே வந்து, இந்த லட்சணத்தில் வைத்திருக்கிற கான்ட்ராக்டர் யார் என்று கேட்டார். திருநாவுக்கரசு கை தூக்கினார். கட்டடத்தைப் பற்றி ஆபீசர் ஒன்றும் எழுதவில்லை. ஆளை மாற்றும்படி மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கிருஷ்ணமூர்த்தி பக்கத்தில் வந்து, "சாப்பிட்டீங்களா மேஸ்திரி?" என்று கேட்டார்.

மறுநாள் விடிந்தபோது தடங்கள் மேல்படியைக் கடந்து, வராந்தாவில் நடந்து, கடைசி வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போயிருந்தன. கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வராந்தாவின் பொதுக் கம்பியில் ஒரு காக்கிச் சட்டையும் அரைக்கால்சட்டையும் தொங்கின. அவற்றிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொதுக் கம்பியில் முறை இல்லாமல் யாராவது துணி போட்டால் அமளிதுமளியாகும். அன்று ராவ் வீட்டுக்காரர்கள் தங்கள் துணியை ஒதுக்கி இடம் விட்டார்கள்.

வாளிகளை ஒப்படைக்கத் திருநாவுக்கரசு வந்திருந்தார். ஜன்னத் பீவியின் தகரப் பெட்டி கனமானது. அதைத் தூக்கிச் சாத்தம் ஜெட்டி வரை கொண்டுபோக இரண்டு பேரைச் சொல்லிவைத்திருந்தார்கள். பிற்பகல் கதவு திறந்தது. ஜன்னத் பீவி வெறுங்கையோடு வெளியே வந்து, பூட்டைப் போட்டு, சாவியைக் கிருஷ்ணமூர்த்தியிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடிப் பக்கமாக இறங்கினாள். சுவர்ப் பக்கமாக ஈரத் தடங்களும் இறங்கின. ஏறும்போது இருந்ததைவிட அவை அழுத்தமாக இருந்தன. பாரம் தூக்குகிறவர்களுக்குக் குதிகால் அப்படித்தான் பதியும். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. பெட்டி தூக்க வந்த இருவருக்கும் வேலை இருக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அடிப்படியில் ஜன்னத் பீவி நின்று, "வர்றோம்ணே," என்றாள். திருநாவுக்கரசு தலையாட்டினார். அவருக்குக் கண் கலங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தெம்பில்லாததுபோல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, துடைச்சிடவா?" என்று சுசீலா கேட்டாள். காலையில் குழாயில் கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தது.

"இரு. கப்பல் ஊதட்டும்," என்றார் அவர்.

புதிதாக எடுத்த கான்ட்ராக்டர் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் சங்கம் திருநாவுக்கரசையே திரும்பக் கூப்பிட்டது; அவர் "ஆகட்டும்" என்றார். கடைசி வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்தது. உப்புக் கறை எத்தனை சோடா போட்டும் முழுக்கப் போகவில்லை. கேட்டவர்களிடம் அது காதர் பாய் வீட்டுக்கு வந்த வழி என்று சொன்னார்கள், அவர்களும் கைப்பிடிப் பக்கமாக நடந்தார்கள். ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் கப்பல் ஊதியது. சுசீலா வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மேல்படியிலிருந்து ஆரம்பித்து, சுவர்ப் பக்கமும் சேர்த்து, படி முழுவதையும் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.