ரஸ்க் போட்ட கருந்துளை

சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் ஒரு சுருள் விண்மீன் மண்டலம் இருக்கிறது. அந்தச் சாதியில் பலதும் ஒருக்களித்துப் படுத்திருக்கும். இது மட்டும் நமக்கு நேரே முகம் காட்டி நிற்கும். கண்ணாடிக்கடை லென்ஸ்காரர் மூன்று குளிர்காலம் அதன் பின்னால் பைத்தியமாகத் திரிந்தார். மொட்டைமாடியில் அவர் தொலைநோக்கியோடு மல்லுக்கட்ட, பக்கத்தில் மனைவியின் தம்பி உட்கார்ந்து ரஸ்க் தின்றான். அப்படியொரு குளிர். மச்சினன் போட்ட தும்மல் உறைந்துபோய், மறுநாள் வெயில் பட்ட பிறகுதான் சத்தம் கேட்டது என்று லென்ஸ்காரர் சத்தியம் செய்வார்.

மச்சினனுக்கு ஒரே வேலைதான். கடைசியில் தொலைநோக்கிக் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் எடுக்க வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் தூசியெல்லாம் அதில் தெரியும். கணினியில் அதைக் கழித்துவிட்டால் படம் சுத்தமாகும். அதையும் அவன் செய்ததில்லை. லென்ஸ்காரரே துணி கட்டினார், நூற்றுச் சொச்சம் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினார். அறிவியல் கூடத்துக் கண்காட்சிக்கு அனுப்பும் பொறுப்பை மச்சினன் ஏற்றான். அத்தான் பெயர் கொட்டை எழுத்தில் வரும் என்றான்.

திறப்பு நாளில் லென்ஸ்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். படம் வாசலுக்கு எதிரிலேயே தொங்கியது. கீழே மச்சினன் பெயர். இரண்டு கோடி வருஷம் வழி தவறாமல் வந்த வெளிச்சம், கடைசிப் பத்தடியில் ஆள் மாறிவிட்டது.

அவசரத்தில் அவன் அனுப்பியது தூசி கழிக்காத படம். சுருளின் ஓரத்தில் வட்டமாக ஒரு கறுப்பு. அதைக் காட்டி, தானே கண்டுபிடித்த கருந்துளை என்று கூட்டத்துக்கு அளந்துகொண்டிருந்தான். கூடத்துப் பொறுப்பாளர், லென்ஸ்காரர் தேய்த்துக்கொடுத்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

லென்ஸ்காரர் பையிலிருந்த சுத்தமான படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார்.

"மாப்ளே, அது கருந்துளை இல்ல. நீ தின்ன ரஸ்க்குத் தூளு."

மச்சினன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "எங்க அத்தான்தான். எனக்கு டீ பிளாஸ்க் பிடிக்க வருவாரு. பாவம், பொறாமை."

யாரை நம்புவது என்று தெரியாத பொறுப்பாளர், குடும்பச் சண்டைக்குத் தன் சுவர் இடமில்லை என்று சொல்லி, படத்தைக் கழற்றினார். ஆணி மட்டும் மிஞ்சியது.

வெளியே மச்சினன் வழக்கம்போல அத்தானுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"அக்காகிட்ட என்னடா சொல்லப்போற?"

"என் படத்த நீங்க எறக்க வச்சிட்டீங்கன்னு சொல்லுவேன், அத்தான்."

கண்ணைத் தாழ்த்தவில்லை. நேராக முகம் பார்த்துத்தான் சொன்னான். லென்ஸ்காரர் சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்.