மூடியில் கோத்த தண்ணீர்

வளப்பூர் நாட்டு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்த மூன்றாம் மாதம், ரோஸ்லின் ஏழாம் வகுப்பில் இரண்டு பெஞ்சுகளை முன்னால் இழுத்துப் போட்டாள். ஒன்றில் 'தூய பொருள்', மற்றதில் 'கலவை' என்று சாக்பீஸால் எழுதினாள். பால், தேன், ரசம், உப்பு, சர்க்கரை, ஊற்றுத் தண்ணீர் எல்லாம் கிண்ணங்களில் இருந்தன.

"எது எங்கே போகும்? வைங்க பார்ப்போம்."

ரசத்தைத் தவிர எல்லாம் தூய பெஞ்சுக்கே போயின.

ரோஸ்லின் சிரித்துக்கொண்டே பாலில் எலுமிச்சை பிழிந்தாள். பால் திரிந்து, கட்டி வேறு, தண்ணீர் வேறாக நின்றது. "ஒரே பொருளா இருந்தா இப்படிப் பிரியுமா? தேனும் கலவைதான். அதுல இரண்டு மூணு விதச் சர்க்கரை இருக்கு, தண்ணியும் இருக்கு."

ரஞ்சிதாவின் முகம் சுண்டிப்போயிற்று. தேன் அவள் வீட்டிலிருந்து வந்தது. "அப்ப எங்கப்பா எடுத்தது கலப்படத் தேனுங்களா டீச்சர்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ரோஸ்லின் நினைக்கவே இல்லை. கிண்ணங்களைத் திருப்பி வாங்க வந்திருந்த சத்துணவுச் சமையல்காரி சுகுணா வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இல்ல கண்ணு. ஈ சேத்து வெச்சா அது தேனு. மனுசன் அதுல பாகை ஊத்துனாத்தான் கலப்படம்."

ரஞ்சிதா சிரித்துவிட்டாள். ரோஸ்லினுக்கு அப்பாடா என்றிருந்தது. "உள்ள வாங்கக்கா. மிச்சத்தையும் நீங்களே பாருங்க."

சுகுணா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இது பாக்கெட் உப்புங்க. அயோடின் சேத்ததுன்னு மேலயே போட்டிருக்குது." உப்பு இடம் மாறியது. அடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டாள். "இதுவும் அங்க ஆகாதுங்க. தண்ணி காச்சற குண்டான் அடியில வெள்ளையாப் படியுதே, தெனமும் நாந்தானுங்க தேய்க்கறேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா மூடியில கோத்து நிக்கற தண்ணி காஞ்சா, ஒரு பொட்டுக்கூடப் படியறதில்லீங்க. அது ஏனுங்க?"

ரோஸ்லினுக்கு மெய்சிலிர்த்தது. கண்ணாடிக் குழாய்களை மாட்டி, நோட்டில் படம் வரைந்து, கல்லூரியில் அவள் படித்த காய்ச்சி வடித்தல் பாடம் அது. இந்த அம்மாள் பாத்திரம் தேய்க்கும்போதே அதைக் கண்டு வைத்திருக்கிறாள்! தண்ணீரைத் தூய பெஞ்சுக்கென்றே கொண்டுவந்தவள் ரோஸ்லின்.

வகுப்பு முழுவதும் சமையல் கூடத்துக்குப் போயிற்று. ஒரு கரண்டியில் ஊற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மூடியிலிருந்து வழித்தெடுத்த தண்ணீர். இரண்டையும் அடுப்பில் காட்டினார்கள். முதல் கரண்டியில் வெண்மையாக ஒரு வளையம் படிந்தது. இரண்டாவது துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"ஆவி மட்டும் மேலே போகுது, கரைஞ்சு கிடந்ததெல்லாம் அடியிலயே தங்கிடுது. நீங்க பார்த்தது ரொம்பச் சரிக்கா" என்றாள் ரோஸ்லின். பிள்ளைகள் கைதட்டினார்கள். சுகுணாவுக்கு வெட்கம் தாளவில்லை. அதை மறைக்கவோ என்னவோ, மூடியில் மிச்சமிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ருசியே இல்லீங்களே டீச்சர்! குடிக்கறதுக்கு நம்ம ஊத்துத் தண்ணிதானுங்க."