அதிகாரி கேட்காத இரண்டாம் சுற்று

விவாதத் தலைப்பைக் கேட்டதும் தலைமையாசிரியர் கமலநாதனுக்குக் குப்பென்று வியர்த்தது.

"'நம்ம ஸ்கூல டவுனுக்கு மாத்தலாமா'வா? கல்வி அதிகாரி வர்ற நாள்லயா? வேற தலைப்பே கிடைக்கலையா டீச்சர்?"

"பிள்ளைங்க வாழ்க்கை சார் இது. இதுலதான் உயிரக் குடுத்துப் பேசுவாங்க," என்றாள் மாதவி.

மலேசியாவில் கிள்ளான் நகருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரம் அந்தத் தமிழ்ப்பள்ளி. மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் ஆறே பேர். போன வருஷம் வரை வரலாற்றுப் பாடத்தைக் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தவர்கள், வகுப்பில் விவாதம் தொடங்கிய பிறகு கேள்வி கேட்டே மாதவியைத் திணறடித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தால் முடிவெடுக்க வரும் அதிகாரிக்குப் பள்ளியை இடம் மாற்ற மனசு வராது என்று நம்பினாள்.

விதி எளிது. சீட்டில் எந்தக் கட்சி வந்ததோ அதற்குப் பேச வேண்டும். ஓய்வுக்குப் பிறகு இரண்டாம் சுற்றில் கட்சி மாற வேண்டும்.

அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்க, ஐந்தாம் வகுப்பு விஷ்ணுப்ரியா சீட்டைப் பிரித்தாள். 'மாற்றலாம்.' முகம் சுருங்கியது.

"எனக்கு இது வேணாம்லா டீச்சர்."

"அடுத்த ரவுண்டுல மாறிடுமே. போய்ப் பேசு."

பேசினாள். "மழை பேஞ்சா நூலகத்துல வாளி வைக்கிறோம். ஒண்ணாம் வகுப்புல ரிஷி ஒருத்தன்தான். அவன் யாரோட ஓடிப்பிடிச்சு விளையாடுவான்?"

அதிகாரியின் பேனா குறிப்பேட்டில் பறந்தது. மாதவி பூரித்துப் போனாள்.

ஓய்வு மணி. அதிகாரியின் கையில் கார்ச்சாவி! மாதவி ஓடினாள்.

"சார், இன்னும் பாதி இருக்கு! இப்பதான் கட்சி மாறப் போறாங்க..."

"பிரமாதம் டீச்சர். எனக்கு மீட்டிங் இருக்கு."

இரண்டாம் சுற்றில் விஷ்ணுப்ரியா இன்னும் நன்றாகப் பேசினாள். கடைசியில் அழுதேவிட்டாள். அதிகாரியின் மேசையில் பாதி கடித்த கறிபாப் பலகாரம் மட்டும் இருந்தது.

மூன்றாம் மாதம் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. கமலநாதன் மலாய் மொழியில் படித்துத் தமிழில் சொன்னார்: "பள்ளி இடம் மாறுது. பிள்ளைங்களே விரும்பறாங்களாம். ஒண்ணாம் வகுப்புப் பையன் யாரோட விளையாடுவான்னு ஒரு மாணவி கேட்டாளாம்."

அவர் மாதவியைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வருகைப் பதிவேட்டோடு வாசலில் நின்றிருந்தாள் விஷ்ணுப்ரியா. எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

புது வருஷம், டவுனில் புதுக் கட்டடம். எங்கும் ஒழுகவில்லை. ரிஷிதான் வரவில்லை. அவ்வளவு தூரம் அனுப்பப் பயந்த அவன் அம்மா, பக்கத்து மலாய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டாள்.

மாதவி சீட்டு டப்பாவை நீட்டினாள். விஷ்ணுப்ரியா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். நான் பேசினா நெசமாவே நடந்துருது."