கரகரப்புக்கு வைத்தியம்

காது மூக்கு தொண்டை டாக்டருக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது. தொண்டையைக் கேட்கத்தான் தெரியும். மனைவி தன் தம்பியின் முதல் ஆல்பத்தை ஓடவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். வேறு வழியில்லாமல் காதைக் கொடுத்தார்.

ஒன்பது பாட்டு. ப்ளூஸ் இருந்தது, ஜன்னல் கண்ணாடி அதிரும் ராக் கிடார் இருந்தது, பேண்டு வாத்தியம் இருந்தது, சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒரு தாலாட்டும் இருந்தது. எல்லாவற்றிலும் மச்சானின் குரல், ஜல்லியை வாணலியில் போட்டு வறுத்தாற்போல. இரண்டு வருஷமாகப் பேச்சும் அப்படித்தான். ‘வாழ்க்கையில் அடிபட்ட குரல்’ என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்களாம். இன்றுவரை அக்கா துவைத்துக் கொடுக்கும் சட்டையைப் போடுகிறவனுக்கு எப்போது அடி விழுந்தது என்று டாக்டருக்கு விளங்கவில்லை.

தாலாட்டில் இரண்டு வரிக்குக் கரகரப்பு சட்டென்று நின்று, குரல் மெலிந்து குழைந்தது. டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல்நாண் பிடி நழுவுகிறது, கட்டியாகக்கூட இருக்கலாம். மச்சானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆனாலும் விடிந்ததும் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும்படி மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் காலை அக்கா அழுத கண்ணோடு தம்பியைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்து வெளியே உட்கார்ந்தாள். டாக்டர் குழாய்க் கேமராவை மூக்கு வழியாக இறக்கி, ‘ஈ’ சொல்லச் சொன்னார். திரையில் இரண்டு நாண்களும் பளிச்சென்று வெள்ளையாக, ஒரு மாசு மறு இல்லாமல் அசைந்தன.

“ஒண்ணுமே இல்லடா!” என்றார். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மச்சான் முகம் தொங்கிப்போனது. “ஒண்ணுமே இல்லையா அத்தான்? சின்னதாக்கூட?”

“அப்ப அந்தத் தாலாட்டுல என்ன ஆச்சு?”

“ரெண்டு வரியை மறதியா என் சொந்தக் குரல்ல பாடிட்டேன். மத்ததெல்லாம் நானா வரவழைக்கிறது. அக்காவுக்கே தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க அத்தான். ஏதோ கோளாறுன்னே சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தது டாக்டருக்கு நினைவு வந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

“சொல்றேன். நாண்ல வீக்கம். ஒரு மாசத்துக்கு வாயே தெறக்கக் கூடாது.”

“ஐயோ! அடுத்த வாரம் கச்சேரி இருக்கு அத்தான்!”

பதற்றத்தில் குரலை மாற்ற மறந்துவிட்டான். கணீரென்ற அந்தக் கத்தல் வெளி அறைவரை கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா ஓடிவந்தாள்.

“பழைய குரல் வந்துடுச்சே! ஏங்க, ஒரே நிமிஷத்துல குணமாக்கிட்டீங்களே! பாவம் புள்ள, இத்தனை நாளா நோயோட பாடியிருக்கான்!” கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள். “அம்மா, தம்பிக்குச் சரியாயிடுச்சும்மா! எல்லாருக்கும் சொல்லிடு, பத்திரிகைக்காரங்களுக்கும் சொல்லணும்!”

மச்சான் அவசரமாகத் தொண்டையைச் செருமினான். ஜல்லியைக் கொட்டினாற்போல, “அக்கா, கொஞ்சம் இரு…” என்றான்.

அக்கா அலறினாள்.

“ஏங்க, மறுபடியும் வந்துடுச்சுங்க! அந்தக் குழாயை இன்னொரு தடவை விடுங்க!”