பூனை உயரம்

நாலு காலில் போய்க்கொண்டிருந்த ஓர் இனம் நிமிர்ந்து இரண்டு காலில் நிற்பதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. அந்தப் பாட்டையெல்லாம் ஒரு சாண் பூனைக்குட்டிக்காகக் காற்றில் விட, மனித குலத்தில் தான் ஒருவனாவது சம்மதிக்கப் போவதில்லை என்று வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சின்னவன் அறிவித்தான். அப்போது அவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று அப்பாவின் அறை ஜன்னலுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தான். வாயில் நாலு ஆணிகள் இருந்ததால் அறிவிப்பில் பாதிதான் வெளியே வந்தது.

"என்னடா முணுமுணுக்கிறே?" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "ஆணியை முழுங்கிடாதே. அதுக்கு வேற ஒரு டாக்டர் பார்க்கணும்."

சின்னவன் ஆணிகளை எடுத்துவிட்டு முதலிலிருந்து திரும்பச் சொன்னான். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் எதையாவது எதிர்த்துப் பேசியே மூன்று கோப்பைகள் வாங்கியவன். ஆக்ஸிஜன் மெஷின் மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்ததால், மேடையில் பேசுவதைவிடக் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பதினாலாவது பாக்கி இருக்கு," என்றார்.

அவர் கையில் இருந்த காகிதத்தைக் கொடுத்தது பல் டாக்டரம்மா. பகலில் அடுத்த தெருவில் பல் பிடுங்குபவர்; மற்ற நேரத்தில் தெருவில் கிடக்கும் பூனைக்குட்டிகளைத் தூக்கி வந்து வளர்த்து, வீடு பார்த்துக் கொடுப்பவர். பெண் கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து வீட்டைப் பார்ப்பார், திருப்தி என்றால்தான் அப்பா கேட்ட இரண்டு குட்டிகளும் கிடைக்கும். காகிதத்தில் பதினான்கு குறிப்புகள் இருந்தன. ஜன்னலுக்கு வலை. வாஷிங் மெஷின் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். லில்லிச் செடி வீட்டில் கூடாது, அதன் மகரந்தம்கூடப் பூனைக்கு விஷம். வெளிக்குப் போக மண் தட்டு ஒரு மூலையில், சாப்பாட்டுக் கிண்ணம் எதிர் மூலையில். முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்துப் பழக்க வேண்டும். ஏழாவது குறிப்பின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இருந்தன: நூல், ஊசி, குண்டூசி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. பூனையின் நாக்கில் பின்னோக்கி முள் இருக்கிறது. நூல் வாய்க்குள் போனால் அதற்குத் துப்ப வராது, விழுங்கிக்கொண்டே போகும்.

இதை எழுதிக் கொடுத்தபோது டாக்டரம்மாவுக்குத் தெரியும், இது ஒரு தையற்காரர் வீடு என்று. அப்பா முப்பத்தெட்டு வருஷம் துணி வெட்டியவர். தெரு முழுக்க அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். அவர் வெட்டுவார், அம்மா தைப்பாள், சண்டையை மட்டும் இருவரும் சேர்ந்து போடுவார்கள். இந்த வீட்டில் நூல் இல்லாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது தண்ணீர்த் தொட்டிக்குள்தான். அங்கேயும் ஒரு தடவை கிடைத்திருக்கிறது.

பதினான்காவது குறிப்பு இது: கையும் முட்டியும் ஊன்றித் தவழ்ந்து, பூனை உயரத்திலிருந்து அறை முழுவதையும் ஒருமுறை பார்க்கவும்.

"எதுக்குப்பா ரெண்டு?" என்றான் சின்னவன், பேச்சை மாற்ற. "ஒண்ணு போதாதா?"

அப்பா மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் பேசினார். "ஒண்ணுன்னா... உங்கம்மாகிட்ட தனியா... மாட்டிக்கும். நான் பட்டது... போதும். ரெண்டா இருந்தா... ஒண்ணு திட்டு வாங்கறப்ப... இன்னொண்ணு ஒளிஞ்சுக்கலாம்."

"எந்த ரூம்ல விடப் போறீங்க?"

"இதுதான். சனிக்கிழமைக்குள்ள... காலி ஆயிடும்."

"நீங்க எங்க படுப்பீங்க?"

அப்பா ஜன்னல் வலையைப் பார்த்தார். "கீழ்ப் பக்கம் தொங்குது. இன்னொரு ஆணி அடி," என்றார்.

மத்தியானம் சின்னவன் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு, இரண்டு காலில் நின்றபடி, ஓர் அமைச்சர் வெள்ளப் பகுதியைப் பார்வையிடுவது போல அறையைப் பார்வையிட்டான். பெருக்கினான். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை ஒருமுறை வீசி எடுத்தான். பிறகு அப்பாவிடம் வந்து, "பார்த்துட்டேன்பா," என்றான்.

"முட்டி போட்டா?"

"ஆமா."

அப்பாவின் பார்வை அவன் முகத்துக்குப் போகவில்லை. அவனுடைய பேன்ட்டுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"நல்ல துணிடா," என்றார். "முட்டியில... ஒரு சுருக்கம்கூட விழலை."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கால் மணி இருக்கும்போது அவர் போனார். அம்மா ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சின்னவன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வருவதற்கு இருவரும் காத்திருந்தார்கள். எட்டு மாதமாக அப்படிக் காத்திருந்து பழக்கம்தான், எப்படியும் வந்துவிடும். இந்த முறை வரவில்லை.

அம்மா துணியை மடித்து வைத்தாள். எழுந்து போய் மெஷினை நிறுத்தினாள்.

"அப்பாடா," என்றாள்.

வீடு முழுக்கக் கேட்டது. முன்னறையில் படுத்திருந்த அக்கா ஓடிவந்து கதறினாள். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, அப்படி ஒரு வார்த்தை காதில் விழவில்லை என்பதற்கு அடையாளமாக இன்னும் பலமாகத் தேய்த்தார். சின்னவனுக்கு மட்டும் தோள்பட்டையிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிக் கீழே உட்கார்ந்தது. அவனும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான். அம்மா முந்திக்கொண்டாள்.

அன்று முழுவதும் அந்த வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. மெஷின் நின்றுவிட்டது, ஆனால் மெஷினுக்கு மேலே கத்திப் பேசிப் பேசி எல்லோருக்கும் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "ரொம்ப அமைதியாப் போனார்!" என்று அக்கா அலறினாள். வந்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் எல்லாம் முடிந்து திரும்பி வந்ததும், சின்னவன் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றான். "டாக்டரம்மாக்கு போன் பண்ணி, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடவா?"

"ஏன்?"

"இல்லம்மா, வீடு இப்ப இப்படி..."

"வீடு எப்படி? வீடு அப்படியேதான் இருக்கு." அம்மா குரலைத் தாழ்த்தினாள், அன்றைக்கு முதன்முதலாக அந்த வீட்டில் ஒருவர் மெதுவாகப் பேசினார். "கேளு. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த ரூமுக்குள்ள போய்ட்டு வந்துட்டிருந்தேன். திங்கக்கிழமை நீ ஹாஸ்டலுக்குப் போயிடுவே. உங்கக்கா அவ வீட்டுக்குப் போயிடுவா. நான் அந்த ரூமைப் பூட்டிடுவேன். பூட்டிட்டேன்னா திறக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும்."

அதன்பின் படுத்தவள் பதினோரு மணி நேரம் தூங்கினாள். எட்டு மாதத்தில் முதல் தூக்கம். குறட்டை கூடம் வரை வந்தது. "அண்ணன் போன அன்னைக்கே இப்படி..." என்று சித்தப்பா ஆரம்பித்தார். சின்னவன் எழுந்து போய் அம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். யாராவது பேசவந்தால் கண்ணை மூடிக்கொண்டான். துக்கத்தில் இருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை அம்மா முகம் கழுவிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். வலையைப் பார்த்தாள்.

"கழட்டு."

"அம்மா, இருபத்திரண்டு ஆணி!"

"ஓரம் மடிச்சு அடிக்காம யாராவது மாட்டுவாங்களா? பிசிறு தொங்குது பார். ஒரு தையற்காரன் வீட்டுப் பிள்ளை பண்ற வேலையா இது?"

கழற்றினான். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து நாலு பக்கமும் ஓரம் அடித்துக் கொடுத்தாள். திரும்ப மாட்டினான். லில்லித் தொட்டி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அக்கா ஒயர்களை எல்லாம் சுருட்டிக் குழாய்க்குள் விட்டாள். சித்தப்பா, "பூனைக்கு இவ்வளவு ராஜ உபசாரமா? எனக்கு இன்னும் டீ வரலை," என்றார். சொல்லிவிட்டு, மண் தட்டுக்கு எது நல்ல மூலை என்று அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தார்.

நாலு மணிக்குப் பல் டாக்டரம்மா மாடியேறி வந்தார். சலவை மடிப்புக் கலையாத புடவை. வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்துத் தயங்கி, விஷயம் தெரிந்து, அம்மாவின் கையைப் பிடித்தார். "நான் இன்னொரு நாள் வரட்டுமா?"

"அவர் சொன்ன நாள் இதுதானே," என்றாள் அம்மா. "பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற முகத்தோடு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். வலையைச் சுண்டிப் பார்த்து, "யார் தைச்சது? அருமை," என்றார். அம்மாவின் தோள் அரை அங்குலம் உயர்ந்தது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார், புடவையை இழுத்துச் செருகினார், ஊரே பார்க்க நாலு காலில் இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போனார்.

வெளியே வந்தபோது கையில் ஓர் ஊசி இருந்தது. அதில் ஒரு முழம் நீல நூல். திரும்பப் போனார். இன்னொன்று வந்தது. பிறகு குண்டூசிகள். மெத்தையின் அடி ஓரத்தில், திரைச்சீலையின் மடிப்பில், கட்டில் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில். படுக்கையில் விழுந்த பிறகும் அப்பா சும்மா இருக்கவில்லை. காலர், பாக்கெட் என்று சின்னச் சின்னதாக வெட்டி, அம்மாவுக்குக் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். மிச்ச ஊசியைக் கைக்கெட்டின இடத்தில் குத்தி வைப்பது அவர் பழக்கம். சட்டை ஓரத்தில் ஒரு பிசிறாக இருந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். ஊசியோடு பிறந்து வளர்ந்த வீட்டில் மெத்தையில் குத்தியிருக்கும் ஊசி யார் கண்ணிலும் ஊசியாகப் படவில்லை.

பதினொன்று. டாக்டரம்மா அவற்றை மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார். "இந்த ரூமை யாருமே கீழ இறங்கிப் பார்க்கலை. இப்படியிருந்தா நான் குடுக்க முடியாது."

"அடுத்த மாசம் பார்த்துக்கலாமே," என்றாள் அக்கா. "இப்ப என்ன அவசரம்?"

"இந்த ரெண்டையும் பிரிக்காம எடுத்துக்க இன்னொரு வீடு கேட்டிருக்காங்க. நாளைக்கே."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மேஜையில் இருந்த ஊசிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, நூலை உருவி, விரலில் சுற்றினாள்.

"பரவாயில்லை," என்றாள். "நல்ல வீடாப் போகட்டும்."

சொல்லிவிட்டு அறையின் வாசலுக்கு நகர்ந்து கதவின் கைப்பிடியில் கை வைத்தாள், எல்லோரும் வெளியே வரட்டும் என்பதைப் போல.

"அப்பா சொன்னாரு," என்றான் சின்னவன். சத்தம் தேவைக்கு மேல் வந்தது. "முட்டி போட்டுப் பார்க்கச் சொன்னாரு. நான் பார்க்கலை. பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன்."



டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு எனக்கு ஒரு கடவாய்ப் பல்லு இருக்கு," என்றார். "அதுவரைக்கும் கீழ வண்டியிலதான் இருப்பேன். குட்டிங்க கூடையில இருக்கு. அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப மேல வருவேன்."

சின்னவன் முன்னறைக்குப் போய்த் தையல் மெஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்து, அம்மா குண்டூசி பொறுக்குகிற லாடக் காந்தத்தை எடுத்து வந்தான். அறை நடுவில் ஒரு கணம் நின்றான். பிறகு கீழே இறங்கினான்.

அங்கே வேறு ஒரு வீடு இருந்தது. பீரோவின் அடிவயிறு தெரிந்தது. சுவரோரம் ஒரு விரல் அகலத்துக்குத் துணிப்பஞ்சு மெத்தை போட்டிருந்தது. மேஜைக் காலுக்குப் பின்னால் ஒரு பட்டன், ஒரு மாத்திரை, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியின் மூன்று துண்டுகள். காந்தத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டு போனான். டிக் என்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினான். டிக், டிக். கன்னத்தைத் தரையில் வைத்துக் கட்டிலின் சட்டத்தைக் கீழிருந்து பார்த்தான். நூல் ஒன்று தொங்கியது, அதைப் பல்லால் இழுத்தான்.

"என்னடா தொலைச்சே?" என்று சித்தப்பாவின் இரண்டு பாதங்கள் வாசலில் வந்து கேட்டன.

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

பாதங்கள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயின. டார்ச் வேண்டும் என்று நினைத்தபோது, ஒரு டார்ச் தரையோடு உருண்டு வந்தது.

கீழே வண்டியிலிருந்து இரண்டு கிறீச்சுக் குரல்கள் மாறி மாறிக் கேட்டன. ஆக்ஸிஜன் மெஷின் ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

தலைக்கு மேலே கட்டில் முனகியது. அவனுக்கு முன்னால், காந்தம் போக வேண்டிய இடத்தில், அம்மாவின் இரண்டு பாதங்கள் வந்து ஊன்றின. ஒரு குதிகாலில் நீல நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அவன் அதை எடுத்தான். பிறகு காந்தத்தைப் பிடித்தபடி அப்படியே காத்திருந்தான்.

அம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள்.